மருந்து ஆய்வில் சேரும்படி கேட்டால்



"எங்களை வைத்துச் சோதித்துப் பார்க்கிறார்களா?" மருந்து ஆய்வுக்கு ஆஸ்பத்திரியில் ஆள் கேட்கும்போது பலர் இப்படி அஞ்சுகிறார்கள். அந்த அச்சம் நியாயமானதே. ஆகவே ஓர் உதாரணம் சொல்லுகிறோம்.

ரோட்டா வைரஸ் குழந்தைகளுக்குக் கடும் வயிற்றுப்போக்கை உண்டாக்குகிறது. அதைத் தடுக்கும் இந்தியச் சொட்டு மருந்தாகிய ரோட்டாவேக், டில்லி, புனே, வேலூர் ஆகிய இடங்களில் 6,799 குழந்தைகளிடம் ஆராயப்பட்டது. வேலூரில் அதை நடத்தியது கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி. மூன்றில் இரு பங்கினருக்கு மருந்து. மற்றவர்களுக்கு மருந்தில்லாத சொட்டு. யாருக்கு எது என்பது பெற்றோருக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. தெரிந்தால் முடிவு ஒருபக்கம் சாய்ந்துவிடும்.

2014-ல் முடிவு வெளியானது. மருந்து பெற்ற குழந்தைகளிடம் முதல் வயதில் கடுமையான ரோட்டா வயிற்றுப்போக்கு பாதிக்கு மேல் குறைந்திருந்தது. 2016-ல் அரசின் தடுப்பூசித் திட்டத்தில் ரோட்டா மருந்து சேர்க்கப்பட்டது.

உங்களைக் கேட்டால், மூன்று காரியங்களை விசாரியுங்கள்: நெறிமுறைக் குழு அனுமதித்திருக்கிறதா? இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிவாகியிருக்கிறதா? தீங்கு நேர்ந்தால் சிகிச்சைச் செலவு யாருடையது? கையெழுத்திட்ட பிறகும் எப்போது வேண்டுமானாலும் விலகலாம். அதனால் வழக்கமான சிகிச்சையை யாரும் மறுக்கக் கூடாது.

அன்று பெற்றோர் கேட்டறிந்து கொடுத்த சம்மதம், இன்று அவர்கள் அறியாத பிள்ளைகளுக்கும் பாதுகாப்பாயிருக்கிறது.