படத்தைக் கொடுத்துப் பொம்மை வாங்கிய கதை

குடும்ப வாட்ஸாப் குழுவில் ஒரே வாரத்தில் எல்லோருக்கும் கண் பெரிதாகிவிட்டது. 2025 மார்ச் கடைசி அது. கல்யாண ஆல்பத்து மாப்பிள்ளை, பொங்கல் பானை முன்னால் நின்ற பெரியம்மா, காதுகுத்தில் தாய்மாமன் மடியில் அலறிய குழந்தை என எல்லோரும் ஜப்பானியப் பொம்மைப்பட ஆட்களாகிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அலறிய குழந்தையும் சிரித்தது.

அத்தை டீயை வைத்துவிட்டுக் கேட்டார்: “ஏம்ப்பா, உக்காந்து யாரு இத்தனையும் வரையிறது? காசு கேக்க மாட்டாங்களா?”

ரொம்பச் சரியான கேள்விகள். அந்த வாரம் செய்தித்தாள்கள் எழுதியதைவிட இந்த இரண்டிலும் விஷயம் அதிகம்.

முதலில் யார் வரைகிறார்கள் என்பது. மனிதர் யாரும் இல்லை. அந்த மார்ச் 25ஆம் தேதி ஓபன்ஏஐ நிறுவனம் தன் சாட்ஜிபிடிக்குள் படம் வரையும் புதிய வசதி ஒன்றைச் சேர்த்தது. ஒரு போட்டோவை ஏற்றி ‘ஜிப்லி மாதிரி ஆக்கு’ என்றால் கொஞ்ச நேரத்தில் படம் வந்துவிடும். ஜிப்லி என்பது 1985இல் ஹயாவோ மியாசாகி, இசாவோ தகாஹதா, தோஷியோ சுசுகி ஆகியோர் தொடங்கிய ஜப்பானியப் படக்கூடம். கையால் வரைந்து வரைந்து படம் எடுப்பவர்கள். 2013இல் வந்த ‘தி விண்ட் ரைஸஸ்’ படத்தில் ஜனக்கூட்டம் நகரும் ஒரு காட்சி திரையில் நான்கு விநாடிதான் ஓடும். அதை வரைய ஓர் ஓவியருக்கு ஒரு வருஷமும் மூன்று மாதமும் ஆயின. இதைத் தெரிந்துகொண்டு நம் குழுவின் பொம்மைகளைப் பார்க்க எனக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது.

“அந்த மியாசாகிதானே இதைத் திட்டினாராம்?” என்றார் அத்தை. அந்த வீடியோ அவருக்கும் வந்திருந்தது. அதில் ஒரு திருத்தம் சொல்லவேண்டும். அவர் கோபப்பட்டது 2016இல், வேறொன்றைப் பார்த்து. கணினியே அசைய வைத்த ஒரு கோர உருவம், தலையைத் தரையில் ஊன்றி ஊர்வதைச் சில இளைஞர்கள் அவருக்குப் போட்டுக் காட்டினார்கள். கையை உயர்த்தவே சிரமப்படும் மாற்றுத்திறனாளி நண்பர் ஒருவர் அவர் நினைவுக்கு வந்தார். இது உயிருக்கே அவமானம் என்றார். அந்தத் துண்டை வெட்டி, நேற்று சொன்னதுபோல இந்த மோகத்தோடு ஒட்டிவிட்டார்கள். மோகத்தைக் குறைசொல்கிறவர்களும் ஃபார்வர்டை நம்பித்தான் பேசுகிறார்கள்.

இனி காசு. முதல் பத்து நாளுக்குள் 13 கோடிப் பேர் 70 கோடிக்கும் மேலான படங்களைச் செய்துகொண்டதாக அந்த நிறுவனமே அறிவித்தது. கணினிச் சில்லுகள் உருகுகின்றன என்று அதன் தலைவர் சாம் ஆல்ட்மன் வேடிக்கையாகப் புலம்பினார். மின்சாரம், இயந்திரம் எல்லாவற்றுக்கும் செலவு உண்டு. அதைத் தாங்கிக்கொண்டு இலவசமாகத் தருவானேன்? ஒரே மணி நேரத்தில் பத்து லட்சம் பேர் புதிதாகச் சேர்ந்தார்கள் என்று அதே ஆல்ட்மன் சொன்னாரே, அதற்காகத்தான். பெரியம்மாவின் பொம்மைப்படம் ஒவ்வொன்றும் ஒரு விளம்பரம். ஒட்டியவர்கள் நாம். இந்திய அரசின் மைகவ் கணக்கும் பிரதமரின் படங்களை ஜிப்லி ஆக்கிப் போட்டது. அமெரிக்க வெள்ளை மாளிகையோ, நாடு கடத்துவதற்காகப் பிடித்த ஒரு பெண் கைவிலங்கோடு அழுவதை இதே பாணியில் வரைந்து போட்டது. ஆக, காதுகுத்துக்கும் அதே பாணி, கைவிலங்குக்கும் அதே பாணி.

ஆனால் நான் அத்தையிடம் நிறுத்தி நிதானமாகச் சொன்னது வேறு. இதை எல்லோரும் ‘ஃபில்டர்’ என்கிறார்கள். ஃபில்டர் இல்லை. ஃபில்டர் என்றால் நம் போட்டோவின் புள்ளிகள் அப்படியே இருக்கும், நிறமும் வெளிச்சமும்தான் மாறும். சென்னையில் அந்தக் காலத்தில் சினிமா பேனர் வரைந்தவர்கள் ஸ்டில் மேல் கட்டம் போட்டு, துணியிலும் கட்டம் போட்டு, ஒவ்வொரு கட்டமாகப் பார்த்துப் பெரிதாக்குவார்கள். நடிகரின் மூக்கு எந்தக் கட்டத்தில் இருந்ததோ அந்தக் கட்டத்தில்தான் வரும். இந்த இயந்திரம் கட்டம் போடுவதில்லை. போட்டோவில் என்னென்ன இருக்கிறது என்று ஒரு புரிதலாக மாற்றிக்கொள்கிறது: பெண், வயது அறுபது இருக்கலாம், பச்சைப் புடவை, பானை, புகை. பிறகு அந்தப் புரிதலிலிருந்து புதிதாக ஒரு படத்தை வரைந்துகொண்டு போகிறது. அதற்குச் சரியாகப் பிடிபடாத இடங்களில், பயிற்சியில் அதிகம் பார்த்தது எதுவோ அது வந்து உட்கார்ந்துகொள்ளும். நிறம் ஒரு படி வெளுப்பதும், மூக்குத்தி காணாமல் போவதும், அழுத குழந்தை சிரிப்பதும் இப்படித்தான். பெரியம்மாவின் வலது கன்னத்தில் உள்ள தழும்பு அந்தப் படத்தில் இல்லை. அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போனை நகர்த்திப் பார்த்தார். “ஆமா, இது அக்காவே இல்ல. அக்கா புடவை, அவ்வளவுதான்.”

எனக்கு இந்த வியாபாரத்தில் இடிப்பது இதுதான். நாம் ஏற்றுவது அசல் பெரியம்மா, தழும்பும் மூக்குத்தியும் சேர்த்து. வாங்குவது யாரோ ஒருவர்.

அதற்காக, போட்டோவைத் திருடிவிடுவார்கள் என்று பயமுறுத்தும் கூட்டத்தில் நான் சேரமாட்டேன். நம் முகங்கள் ஏற்கெனவே ஃபேஸ்புக்கிலும் கல்யாண மண்டப வாசல் ஃபிளெக்ஸிலும் இருக்கின்றன. ஆனால் தனிநபர் கணக்கில் ஏற்றுவதை, நாமாகப் போய் நிறுத்தாதவரை, அந்த நிறுவனம் தன் இயந்திரத்தைப் பழக்கப் பயன்படுத்திக்கொள்ளலாம். செட்டிங்ஸில் தரவுக் கட்டுப்பாட்டுப் பகுதியில் அதற்கு ஒரு பொத்தான் இருக்கிறது. எத்தனை பேர் அதைத் தேடிப்போய் அணைத்தார்கள்? குழந்தைகள் சங்கதி இன்னும் வேடிக்கை. 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களின் தரவைக் கையாளப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்கிறது நம் 2023ஆம் ஆண்டுச் சட்டம். இங்கே ஏற்றுகிறவர்களே பெற்றோர். மாமன் மடியில் அலறியவனிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் காதுகுத்தையே வேண்டாம் என்றிருப்பான், அது வேறு.

ஜிப்லி அடங்கி சில மாதம் ஆவதற்குள், செப்டம்பரில், கூகுளின் ஜெமினியில் பழைய இந்திப்பட ஷிஃபான் புடவை கட்டிக்கொள்ளும் மோகம் வந்தது. அதில் படம் செய்யும் வசதிக்கு நானோ பனானா என்று பெயர் வேறு. கல்லூரி மாணவி முதல் கிளை மேலாளர் வரை பூ வைத்துக்கொண்டு மஞ்சள் வெயிலில் நின்றார்கள். அந்தப் படங்களுக்குள் கண்ணுக்குத் தெரியாத முத்திரை இருப்பதால் பயமில்லை என்று ஒரு சமாதானம் சுற்றியது. முத்திரை இருப்பது உண்மை. இயந்திரம் செய்த படம் இது என்று பின்னால் கண்டுபிடிக்க அது உதவும். நாம் ஏற்றிய அசல் போட்டோவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இவ்வளவையும் கேட்டுவிட்டு அத்தை பீரோவிலிருந்து ஓர் உறையை எடுத்து வந்தார். தாத்தாவின் ஒரே போட்டோ. கறுப்பு வெள்ளை, ஒரு மூலை கரையான் தின்றது, இடது கண் பக்கம் மடிப்பு விழுந்திருக்கிறது. “இத மட்டும் அதுல குடுத்துச் சரி பண்ணித் தர முடியுமா? கலர்ல?”

முடியும், சில நிமிஷ வேலை. ஆனால் மடிப்பு விழுந்த கண்ணை இயந்திரம் எங்கிருந்து கொண்டுவரும்? தானாக ஒரு கண்ணை வைக்கும். அழகான கண்ணாகவே இருக்கும். தாத்தாவை நேரில் பார்த்தவர்களில் இன்று இருப்பவர்கள் அத்தையும் பெரியம்மாவும்தான். பேரப்பிள்ளைகளுக்கு ஒப்பிட்டுப் பார்க்க ஆள் கிடையாது. கலரில் ஃபிரேம் போட்டு மாட்டியதுதான் தாத்தா என்று ஆகிவிடும். ஸ்டூடியோவில் கொடுத்து 1200 டிபிஐயில் ஸ்கேன் எடுத்து வைப்போம், மடிப்பு மடிப்பாகவே இருக்கட்டும் என்றேன். அத்தைக்கு அரைமனசுதான். கலர் பிரதி ஒன்றும் வேண்டும், பின்பக்கம் ‘இது கம்ப்யூட்டர் போட்டது’ என்று தன் கையாலேயே எழுதிவிடுவதாகச் சொன்னார்.