முன் அச்சில் கசியும் எண்ணெய்

வண்டி நின்ற இடத்தில் எண்ணெய்த் துளி விழுந்திருந்தால், பெரும்பாலோர் அதன்மேல் ஒரு பிடி மணலைத் தூவிவிட்டு மறந்துவிடுகின்றனர். பழைய வண்டி என்றால் சற்று ஒழுகத்தான் செய்யும் என்பது அவர்கள் கொள்கை. எஞ்சினுக்கடியில் விழும் துளிக்கு இக்கொள்கை ஒருவாறு பொருந்தலாம். முன் சக்கரத்தின் உட்புறமாக வழியும் எண்ணெய்க்கு ஒருபோதும் பொருந்தாது. ஏனெனில் அவ்வெண்ணெய் பிரேக்கிலிருந்து நான்கு விரற்கடைத் தூரத்தில் வழிகின்றது.

புனேயைச் சுற்றி வாழும் நம் சங்க அன்பர்களுள் சிலர், ஏலத்தில் எடுத்த பழைய நாற்சக்கர இயக்க ட்ரக்குகளை வைத்துக் காய்கறியும் பாலும் ஏற்றிப் பிழைக்கின்றனர். அவர்கள் பொருட்டே இதனை எழுதுகின்றோம். ரயில்வே குமாஸ்தாவுக்கு மோட்டார் அச்சில் என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு நம் விடை இதுதான்: வண்டி மைத்துனருடையது, அதனடியில் படுக்கும் ஞாயிற்றுக்கிழமை நம்முடையது.

நாம் பேசுவது வில்லிஸ் இனத்து வண்டியைப் பற்றி. அமெரிக்காவில் 1947-ஆம் ஆண்டில் வெளிவந்த வில்லிஸ் நாற்சக்கர இயக்க ட்ரக்கும், நம் நாட்டில் மகீந்திரா நிறுவனம் உரிமம் பெற்று உருவாக்கிய பழைய ஜீப்புகளும் முன் அச்சில் ஏறக்குறைய ஒரே அமைப்புடையவை. முன் சக்கரம் இரண்டு வேலை செய்ய வேண்டியிருக்கின்றது. அது வண்டியை இழுக்கவும் வேண்டும், திரும்பவும் வேண்டும். ஆகவே அச்சுக்குழாயின் ஒவ்வொரு முனையிலும் உள்ளீடற்ற இரும்புப் பந்து ஒன்று உண்டு. அப்பந்தின்மேல் ஒரு கூடு கவிந்து, மேலும் கீழுமாக இரண்டு கிங் பின்களில் திரும்புகின்றது. கூட்டினுள்ளே, சுழன்றுகொண்டே வளையக்கூடிய மூட்டு. அதற்குக் கெட்டியான கிரீஸ். அச்சின் நடுவிலுள்ள டிஃபரன்ஷியலுக்கோ 90 எண் கியர் ஆயில், சுமார் 1.2 லிட்டர்.

இந்த ஆயிலையும் அந்தக் கிரீஸையும் கலக்கவிடாமல் பிரித்து நிற்பது குழாயின் முனையில் உள்ளே பொருந்தியிருக்கும் ஒரு சிறிய ஆயில் சீல். வெளியே பந்தைத் துடைத்துக்கொண்டிருக்கும் கம்பளி வளையமாகிய ஃபெல்ட் வேறு. அது கிரீஸை உள்ளேயும் சேற்றை வெளியேயும் நிறுத்துவதற்கு ஏற்பட்டது. நீர் போன்று ஓடும் ஆயிலைத் தடுக்க அதனால் இயலாது. உட்சீல் கெட்டால் கியர் ஆயில் கூட்டினுள் புகுந்து, கிரீஸைக் கரைத்து, ஃபெல்ட் வழியாக வெளியே ஒழுகுகின்றது. பார்ப்பவர் கண்ணில் படுவது ஃபெல்ட். பழியும் அதன் மேலேயே விழுகின்றது.

மைத்துனர் வண்டிக்கு நேர்ந்தது இதுவே. ஒரு பட்டறையில் இரண்டு முறை ஃபெல்ட்டை மாற்றினார்கள். ஃபெல்ட்டைப் பிடித்திருக்கும் தகடு இரு பாதிகளாக இருப்பதால், சக்கரத்தைக் கழற்றாமலே எட்டுத் திருகாணிகளை நீக்கி அதனை மாற்றிவிடலாம். பட்டறைக்காரருக்கு அது சௌகரியம். இரண்டு முறையும் ஒரு மாதத்திற்குள் ஒழுக்கு திரும்பிவிட்டது. இதனிடையே கரைந்த ஆயில், ஸ்பிண்டில் வழியாக ஹப்பினுள் சென்று, பேரிங் கிரீஸையும் கழுவிக்கொண்டு பிரேக் லைனிங்கில் ஏறியிருந்தது. சிங்ககட் மலையிறக்கத்தில், பின்னால் அவர் மனைவியும் மக்களும் அமர்ந்திருக்க, பிரேக்கை அழுத்தியதும் வண்டி வலப்புறமாகப் பாய்ந்தது. இடச் சக்கரம் பிடிக்கவில்லை. வலச் சக்கரம் மட்டும் பிடித்தது. வலப்புறம் பாறை. பள்ளம் இடப்புறத்தில் இருந்தது.

ஆதலால் முதலில் எந்த எண்ணெய், எங்கிருந்து என்று அறிய வேண்டும். மூக்கே இதற்குச் சிறந்த கருவி. கியர் ஆயில் கந்தக நெடியுடன் வழவழப்பாக இருக்கும். நீர்த்து, காரமான நெடியடித்தால் அது பிரேக் எண்ணெய். அவ்வாறாயின் கோளாறு வீல் சிலிண்டரில், அச்சில் அன்று. கியர் ஆயில்தான் எனத் தெரிந்தால், கூட்டிலுள்ள நிரப்புத் திருகைக் கழற்றிப் பாருங்கள். கெட்டிக் கிரீஸ் அசையாமல் இருந்தால் ஃபெல்ட் மட்டுமே கெட்டது. கறுத்த ஆயில் கொட்டினால் உட்சீல் போயிற்று என்பதில் ஐயமில்லை.

இன்னொன்றையும் பார்க்காமல் சீலை வாங்க ஓட வேண்டாம். அச்சின் மேற்புறத்தில் பிரீதர் என்னும் சிறு மூச்சுத்துளை உண்டு. வண்டி ஓடுகையில் உள்ளே காற்று சூடேறி விரியும். துளை சேற்றால் அடைபட்டிருந்தால், அக்காற்று சீல்களின் வழியே எண்ணெயைத் தள்ளிக்கொண்டு வெளியேறும். புதுச் சீலும் இதற்கு ஈடுகொடாது. ஒரு கம்பியும் சிறிது மண்ணெண்ணெயும் இருந்தால் தீரும் காரியம். ஆனால் பட்டறைகளில் இதைக் கவனிப்பார் அரிது.

சீல் மாற்றும் வேலைக்கு வருவோம். பின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, முன் அச்சைத் தூக்கி, உறுதியான தாங்கிகளின்மேல் நிறுத்துக. ஜாக்கியை மட்டும் நம்பியோ, செங்கல்லை அடுக்கியோ கீழே படுப்பது தற்கொலைக்கு ஒப்பாகும். சக்கரத்தைக் கழற்றுமுன் மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால், ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லி மீண்டும் ஆட்டுக. ஆட்டம் நின்றுவிட்டால் சக்கர பேரிங் தளர்ந்துள்ளது. நில்லாவிடில் கிங் பின். கிங் பின் தளர்ந்த கூடு பந்தின்மேல் கோணலாய் அமர்ந்து எந்த ஃபெல்ட்டையும் தின்றுவிடும். அதன் அடித்தகடுகளைக் குறைத்து இறுக்கிய பின்னரே மற்றவை.

பின்னர் ஹப் மூடி, இயக்கத் தட்டு, இரண்டு பூட்டு நட்டுகள், ஹப், பிரேக் தட்டு, ஸ்பிண்டில் என்று வரிசையாகக் கழலும். பிரேக் தட்டைக் குழாயில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டி வைக்க வேண்டும். பழைய லைனிங்கில் கல்நார் கலந்திருக்கக்கூடும். அதன் தூள் நுரையீரலுக்கு நஞ்சு. வாயால் ஊதாமல் ஈரத்துணியால் துடையுங்கள். அச்சுத்தண்டை மூட்டோடு நேராக வெளியே இழுத்தால், பந்தின் உட்புறத்தில் பழைய சீல் தெரியும். அதனைக் கொக்கியிட்டுப் பெயர்க்கலாம்.

இங்கேதான் பொறுமை வேண்டும். தண்டில் சீல் உரசும் இடத்தை நகத்தால் தடவிப் பாருங்கள். நகம் பள்ளத்தில் சிக்கினால், எத்தனை புதுச் சீல் போட்டாலும் பயனில்லை. தண்டையே மாற்ற வேண்டும். சிறு துரு என்றால் மெல்லிய எமரித்தாள் போதும். புதுச் சீலின் உதடு டிஃபரன்ஷியலை, அதாவது ஆயில் உள்ள பக்கத்தை, நோக்கியிருக்க வேண்டும். அதனை ஓரங்களில் சமமாகத் தட்டி இறக்கி, உதட்டில் கிரீஸ் தடவி, தண்டின் பாரம் உதட்டின்மேல் விழாதபடி கையால் தாங்கியே நுழைக்க வேண்டும். தண்டு முனையிலுள்ள பற்கள் ஒருமுறை கீறினால் அன்றைய உழைப்பு அத்தனையும் வீண்.

கூட்டைச் சுத்தமாகத் துடைத்துப் புதுக் கிரீஸ் இட்டு, ஃபெல்ட்டை எண்ணெயில் ஊறவைத்துப் பூட்டுக. பந்தின் மேற்பரப்பில் துருப்புள்ளிகள் இருந்தால் அதற்குமுன் தேய்த்து வழவழப்பாக்குக. ஹப் பேரிங் நட்டைச் சக்கரம் இறுகும்வரை திருகி, ஆறில் ஒரு பங்கு சுற்றுப் பின்வாங்கிப் பூட்ட வேண்டும். எண்ணெயில் நனைந்த லைனிங்கைப் பெட்ரோலில் கழுவி மீண்டும் போடுவோர் உண்டு. சூடேறியதும் உள்ளே ஊறியது வெளியே வரும். இரு முன் சக்கரங்களுக்கும் சேர்த்துப் புதிது போடுவதே முறை.

“முன் இயக்கத்தை நாம் போடுவதே இல்லையே, அங்கே ஆயில் இருந்தாலென்ன, போனாலென்ன?” என்று மைத்துனர் கேட்டார். இவ்வண்டிகளில் முன் சக்கரத்தோடு தண்டு நிரந்தரமாகப் பிணைந்துள்ளது. தனியே விடுவிக்கும் ஹப் பொருத்தியிருந்தாலன்றி, லீவரைப் போட்டாலும் போடாவிட்டாலும் தண்டும் டிஃபரன்ஷியல் பற்சக்கரங்களும் சுழன்றுகொண்டேயிருக்கும். ஆயில் இன்றிச் சுழலும் அச்சு என்னவாகும் என்பதை ரயில்வேக்காரருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அச்சுப்பெட்டி புகைந்து, வாகனத்தைத் தொடரிலிருந்து வெட்டி நிறுத்திய கதைகளைப் பழைய உத்தியோகஸ்தர்களிடம் நாம் நிறையக் கேட்டிருக்கின்றோம்.

முடிவில் டிஃபரன்ஷியலில் ஆயிலை நிரப்புத்துளையின் விளிம்புவரை மட்டும் ஊற்றுக, மிகுந்தாலும் ஒழுகும். நூறு கிலோமீட்டர் ஓடியபின் வண்டி ஆறியதும் மட்டத்தை மறுபடி பார்த்து, பிரேக் தட்டின் அடியைக் கையால் தடவிப் பாருங்கள். அது உலர்ந்திருக்க வேண்டும். பந்தின்மேல் மெல்லிய கிரீஸ் படலம் பளபளப்பது குற்றமன்று. அது துருவைத் தடுக்கும். சொட்டினால்தான் மீண்டும் சக்கரத்தைக் கழற்ற வேண்டும்.