இறால் கூடை காலியானால்தான் பாக்-மேன்!

எளாவூர் பக்கம் பழவேற்காடு ஏரியை நம்பிப் பிழைக்கிற குடும்பம் எங்களுடையது. போன பொங்கலுக்கு வந்த என் நாத்தனார், தன் பிள்ளை விளையாடி ஓய்ந்து பரணில் போட்டிருந்த 'கேம்பாய் அட்வான்ஸ்' பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போனார். கூடவே 'பாக்-மேன் கலெக்ஷன்' என்று ஒரு கேசட். 2001ல் வந்த சரக்கு. ஒரே கேசட்டில் நாலு விளையாட்டு. முதலாவது, 1980ல் காசு போட்டு ஆடிய அதே பாக்-மேன். மஞ்சள் வட்டம் ஒன்று சந்து பொந்தெல்லாம் ஓடிப் புள்ளிகளைத் தின்னும். நாலு பேய்கள் துரத்தும்.

மறுநாளே வீட்டில் பஞ்சாயத்து. எட்டாவது படிக்கிற மகள் என்னோடு உட்கார்ந்து இறால் உரிப்பாள். ஆறாவது படிக்கிற தம்பி திண்ணையில் பெட்டியும் கையுமாக இருப்பான். அவள் கேட்டால், "இது பசங்க ஆட்டம்" என்பான். மாமியாரும், "பொம்பளைப் புள்ளைக்கு எதுக்குடி அது?" என்று பேரன் கட்சி.

எனக்குச் சுருக்கென்றது. நாத்தனார் மகனுக்குப் போன் போட்டு விசாரித்தேன். அவன் சொன்னதைக் கேளுங்கள். இதை உருவாக்கியவர் ஜப்பானில் நாம்கோ கம்பெனியில் இருந்த டோரு இவாதானி. அந்நாளில் விளையாட்டுக் கூடங்களில் சுட்டுத் தள்ளுகிற ஆட்டங்கள்தான் அதிகம், ஆண்கள் கூட்டம்தான். பெண்களும் வரட்டும் என்றே, சாப்பிடுவதை வைத்து ஓர் ஆட்டம் யோசித்தாராம். (பெண் என்றதும் சாப்பாடுதான் ஞாபகம் வந்ததா என்று அவரிடம் கேட்க வேண்டும், அது வேறு வழக்கு!) 1982ல் அமெரிக்காவில் தலையில் ரிப்பன் கட்டிய 'மிஸ் பாக்-மேன்' வந்து சக்கைப்போடு போட்டதாம்.

மாமியார் காதில் விழும்படி இதைச் சொன்னேன். "ஜப்பான்காரன் சொன்னா ஆச்சா?" என்றார். நான் வாதாடவில்லை. கூடை காலியான பிறகுதான் பெட்டி வெளியே வரும், உரித்தவர்களுக்குத்தான் ஆட்டம், ஆளுக்கு மூன்று உயிர், போனால் அடுத்தவர் கைக்கு என்று சட்டம் போட்டுவிட்டேன். மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்த மகன், நாலாம் நாள் கூடைக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

மகள் ஒன்றைக் கண்டுபிடித்தாள். பேய்கள் நாலும் ஒரே மாதிரி துரத்துவதில்லையாம். சிவப்பு நேரே பின்னால் வரும். ரோஸ் முன்னால் போய் மடக்கப் பார்க்கும். ஆரஞ்சு கிட்டே வந்துவிட்டுத் திரும்பி ஓடும். "ஒருத்தர் வெரட்ட, ஒருத்தர் வலையை வளைக்கிற மாதிரிதான்பா" என்று அவள் சொன்னதும், அவங்கப்பா சாப்பாட்டைப் பாதியில் நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். முதல் கட்டத்தில் 244 புள்ளிகள்; ஒரே உயிரில் மூன்று கட்டம் தாண்டிவிட்டாள். இப்போதெல்லாம் மாமியாரே கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "அந்தச் செவப்பு எங்கடி போச்சு?" என்கிறார்.

இந்தப் பெட்டியின் திரைக்கு உள்விளக்கு கிடையாது. பொழுது சாய்ந்தால் படம் மங்கி, தானாகவே புத்தகப் பைகள் திறக்கின்றன. இரண்டு பென்சில் பேட்டரி போட வேண்டும். அந்தச் செலவு மட்டும் இதுவரை என் உரிகூலியிலிருந்து போகிறது. அடுத்த ஜோடியை அப்பாவிடம் கேட்கச் சொல்லியிருக்கிறேன்.

- ஒரு வாசகி, எளாவூர்.