கல்லு கனம்தான், ஆனா அதிர்வை விழுங்காது

அப்பா போடியில் மைக்செட் வைத்திருந்தவர். கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா என்று ஓடிய தொழில், கேசட் வந்ததும் படுத்துவிட்டது. மிச்சம் ஒரு தகரப்பெட்டி நிறைய ரெக்கார்டுகள். அதைக் கேட்கத்தான் ஒரு பழைய டர்ன்டேபிளின் மோட்டார், தட்டு, டோன் ஆர்ம் எல்லாம் வாங்கினேன். பிளிந்த், அதாவது இவற்றைத் தாங்கும் அடிப்பலகை, நானே செய்வதாகத் திட்டம்.

கனமாக இருந்தால் ஆடாது என்று நினைத்து, கல் பட்டறையில் ஒரு கருங்கல் பலகை வாங்கி வந்தேன். வாசலில் ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப் கடந்தது. முள் துள்ளி ரெக்கார்டில் கீறிவிட்டது. இனி அந்தப் பாட்டு அந்த இடத்தில் "டக்" என்றுதான் வரும். வேறு பிரதி என்னிடம் இல்லை.

கல் ஏன் கைவிட்டது?

போடியிலிருந்து பக்கம்தான் பொட்டிபுரம். அங்குள்ள மலைக்குள் சுமார் 2 கி.மீ. சுரங்கம் குடைந்து நியூட்ரினோ ஆய்வகம் கட்ட 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது; கடும் எதிர்ப்பு வந்தது, சுரங்கம் குடையவில்லை. அந்த மலையின் பாறை சார்னோகைட். கொல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கல்லைப் பார்த்துத் தாமஸ் ஹாலந்து வைத்த பெயர் அது. விரிசல் குறைந்த, அடர்த்தியான பாறை. எந்தப் பக்கமும் சுமார் 1 கி.மீ. கனத்தில் நின்றால் விண்வெளிக் கதிர்களின் பெரும்பகுதியைத் தடுத்துவிடும்.

ஆனால் அதிர்வு வேறு கதை. இறுகிய பாறைக்குள் அதிர்வு நொடிக்கு 6 கி.மீ. போல ஓடும், வழியில் அதிகம் வீணாகாது. சுரங்க வெடி அதிர்வைப் பற்றி ஊர்க்காரர்கள் கவலைப்பட்டதும் இதனால்தான். என் பலகையைக் கரண்டியால் தட்டினேன். "டிங்ங்" என்று இழுத்தது. கனம் இருக்கு, தணிப்பு இல்லை.

முள்ளுக்கு எவ்வளவு தெரியும்?

ரெக்கார்டின் பள்ளத்தில் மெல்லிய ஒலிகளுக்கான அசைவு ஒரு மைக்ரான்கூட இருக்காது. அதோடு, பதிவு செய்யும்போது குறைத்த தாழ்ந்த ஒலிகளை ஆம்ப்ளிஃபயர் திரும்ப உயர்த்தும். ஆர்.ஐ.ஏ.ஏ. விதிப்படி 1000 ஹெர்ட்ஸோடு ஒப்பிட்டால் 20 ஹெர்ட்ஸ் ஒலி சுமார் 9 மடங்கு பெருகும். நம் காலடியும் ஜீப்பும் இருப்பது அந்தப் பக்கம்தான்.

சோதிக்கும் முறை எளிது. மோட்டாரை நிறுத்தி, வேண்டாத ரெக்கார்டு மேல் முள்ளை வைத்து, சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி, பிளிந்த்தை விரலால் தட்டுங்கள். ஸ்பீக்கரில் வருவதுதான் உங்கள் மதிப்பெண்.

எதை எதற்கு?

*இலவம்பஞ்சு.* எங்கள் ஊர்ச் சரக்கு. காற்றில் வரும் சத்தத்தை ஓரளவு வாங்கும், பெட்டிக்குள் அடைக்கலாம். பலகை வழியாக வரும் அதிர்வை ஒன்றும் செய்யாது.

*ரப்பர் பட்டை.* பாரம் ஏறி 1 மி.மீ. அமுங்கினால் அதன் இயல்பு அதிர்வெண் சுமார் 16 ஹெர்ட்ஸ். அதைப்போல 1.4 மடங்குக்கு, அதாவது 22 ஹெர்ட்ஸுக்கு மேல்தான் தடுப்பு தொடங்கும். அதற்குக் கீழே உதவாது. 16-ஐ ஒட்டி இன்னும் பெருக்கிவிடும். டோன் ஆர்ம் தானாக ஆடும் இடம் 8-லிருந்து 12 ஹெர்ட்ஸ், அதையும் தொடக்கூடாது.

*லாரி டியூப்.* இதுதான் எனக்குக் கிடைத்த புதையல். இயற்கை ரப்பர் வாங்கிய ஆற்றலைத் துள்ளலாகத் திருப்பித் தரும். டியூபுக்குப் பயன்படும் பியூட்டைல் ரப்பர் அதைச் சூடாக்கி விழுங்கிவிடும். பஞ்சர் கடையில் கிழிந்த டியூப் கேளுங்கள். நாலு துண்டு அடுக்கி அதன்மேல் கோலிக்குண்டைப் போடுங்கள். துள்ளாமல் "தொப்"னு உட்கார்ந்தால் அதுவே நமக்கு வேண்டியது.

இரண்டு 18 மி.மீ. பிளைவுட் பலகைக்கு நடுவே அந்த டியூப் தாளை முழுக்க ஒட்டினேன். பலகை வளையும்போது நடுவிலுள்ள ரப்பர் பக்கவாட்டில் இழுபட்டு அதிர்வைத் தின்னும். இரண்டையும் சேர்த்துத் திருகு போட்டால் அந்த இழுபடல் நின்றுபோகும். முதல் தடவை நான் செய்த தப்பு அது. கரண்டியால் தட்டினால் இப்போது "டொக்". அவ்வளவுதான்.

கல்லு திரும்ப வந்தது

ஆனால் தரையிலிருந்து வருவதைப் பிரிக்க மெத்தென்ற ஸ்பிரிங்கும் மேலே நல்ல பாரமும் வேண்டும். எட்கர் வில்ச்சரின் 1961 ஏ.ஆர். டர்ன்டேபிள் தட்டையும் ஆர்மையும் ஸ்பிரிங்கில் தொங்கவிட்டது இதற்காகத்தான். நான் குழந்தை சைக்கிள் டியூபில் பாதிக் காற்று அடித்து, அதன்மேல் அந்தக் கருங்கல்லை வைத்து, அதற்கு மேல் பிளைவுட் பிளிந்த்தை வைத்தேன். லேசாக அழுத்தி விட்டு, செல்போனில் மெதுவாக ஓடும் வீடியோ எடுத்து எண்ணினால் நொடிக்கு 4 ஆட்டம். ஆர்முக்கும் கீழே. கல்லு தணிக்காவிட்டாலும் பாரத்தைக் கொடுத்தது.

வாரம் ஒருமுறை காற்று அடித்து மட்டம் பார்க்க வேண்டும். ஸ்பீக்கரை வேறு மேசையில் வைக்க வேண்டும். நேற்று ஜீப் போனபோது அப்பா கேட்டுக்கொண்டிருந்தார். முள் அசையவில்லை. கீறின ரெக்கார்டுதான் ஓடிக்கொண்டிருந்தது. அந்த "டக்" வந்ததும் என்னைத் திரும்பிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.