மடிக்கணினியும் தீவக வெப்பமும்

தொழில் நிகழும் இடத்தில் வெப்பம் பிறத்தல் இயற்கை. ஓடியவன் உடல் சுடுகின்றது. மரம் அறுத்த வாளும் சுடுகின்றது. கணினியும் இவ்விதிக்கு விலக்கன்று. கடத்தியொன்றிற் பாயும் மின்னோட்டம் வெப்பத்தை உண்டாக்கும் என்பதையும், அவ்வெப்பம் ஓட்டத்தின் வர்க்கத்திற்கேற்ப மிகும் என்பதையும் யூல் என்னும் ஆங்கிலேய அறிஞர் 1841இல் விளக்கினார். மடிக்கணினி கணக்கிடினும், படம் காட்டினும், அது நுகரும் மின்சத்தி ஏறத்தாழ முழுவதும் ஈற்றில் வெப்பமாகவே வெளிப்படுகின்றது.

நெடுந்தீவிலோ நயினாதீவிலோ பயிலும் மாணவனுக்கு இது வெறும் ஏட்டறிவன்று. கருவி பழுதுற்றால், அதனைத் திருத்துவதற்குப் படகேறிக் குறிகட்டுவான் இறங்குதுறையை அடைந்து, அங்கிருந்து யாழ்ப்பாண நகருக்குச் செல்லல் வேண்டும். கடல் கொந்தளிக்கும் நாளில் அதுவும் அரிது. பிள்ளைகள் அனைவருக்கும் ஒரு கணினியே பொதுவாயுள்ள இல்லத்தில், அது நின்றால் எல்லோர் படிப்பும் நிற்கும். ஆதலின், கணினியின் சூட்டிற்கு எப்போது அஞ்சுதல் வேண்டும், எப்போது அஞ்ச வேண்டா என்று தெளிதல் பயனுடையது.

கணினியின் மூளையெனத் தக்க செயலி, வேலை குறைந்த வேளையில் ஏறத்தாழ 40 முதல் 55 பாகை செல்சியஸ் வரை இருத்தல் வழக்கம். படத்தொகுப்பு, பெருங்கணக்கு, விளையாட்டு முதலிய கடும்பணிகளின்போது 75 முதல் 95 பாகை வரை உயர்தலும் இயல்பே. செயலிகள் பலவற்றின் மேலெல்லை 95க்கும் 105க்கும் இடைப்பட்டது. அவ்வெல்லையை நெருங்கியதும் செயலி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அதன் பின்னும் சூடு மிகுமாயின் கணினி தானாக நின்றுவிடும். ஆகவே, 85 பாகையைக் கண்டதும் கருவி எரிந்துவிடும் எனக் கலங்குதல் வேண்டா. மனிதவுடலின் 37 பாகையை அளவுகோலாகக் கொண்டு சிலிக்கனை மதிப்பிடுதல் பொருந்தாது.

ஆயினும் தீவகத்தார் சிறப்பாகக் கருத வேண்டிய உண்மையொன்று உண்டு. சூடான பொருள், தனக்கும் சூழலுக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாட்டிற்கு ஏற்பவே வெப்பத்தை இழக்கும். இது நியூற்றன் 1701இல் வெளியிட்ட குளிர்தல் விதியின் சாரம். கடும்பணியின்போது ஒரு செயலி சூழலைவிட 58 பாகை மிகுதியாகச் சூடேறுகிறது எனக் கொள்வோம். குளிரூட்டிய அறையின் 24 பாகையில் அது 82இல் நிற்கும். சித்திரை நண்பகலில் 34 பாகையுள்ள அறையில் அதே வேலை அதனை 92க்கு ஏற்றும். தகரக் கூரையின்கீழ் அறை 39 ஆயின், செயலி 97ஐ எட்டும். கருவி கெடவில்லை, வேலையும் மாறவில்லை, சூழலே மாறியது. குளிர்நாட்டில் விரைந்தோடும் அதே கணினி இங்கு நண்பகலில் தளர்வதன் காரணம் இதுவே.

செயலியின் வெப்பத்தை வெளியேற்றுவது ஒரு செப்புக்குழாய். வளியகற்றி மூடிய அக்குழாயினுள் சிறிதளவு நீர் உண்டு. அந்நீர் சூடான முனையில் ஆவியாகி வெப்பத்தைக் கவர்ந்து, மறுமுனையில் ஒடுங்கி வெப்பத்தை விடுகின்றது. அங்குள்ள சிறு விசிறி அதனைக் காற்றுடன் வெளித்தள்ளுகின்றது. மண்பானை நீர் குளிர்வதும், நீர் ஆவியாகும்போது வெப்பத்தைக் கவர்வதனாலேயே. ஆனால் பானையின் நீர் காற்றில் கலந்து மறைவது. குழாயின் நீரோ மூடிய வெளியுள் மீண்டும் மீண்டும் சுழல்வது. ஈரக்காற்றில் மனிதனின் வியர்வை உலராது புழுங்கினும், அவ்வீரம் இக்குழாயின் தொழிலைத் தடுப்பதில்லை.

செயலியினும் மென்மையானது மின்கலம். லிதியம் அயன் மின்கலத்தின் முதுமை, வெப்பநிலை 10 பாகை உயருந்தோறும் ஏறத்தாழ இருமடங்கு விரைவுறும் என்பது பொதுக்கணக்கு. சூழல் 35 பாகையைக் கடவாதிருத்தல் நன்றெனக் கணினி செய்வோர் பலர் கூறுதற்கு இதுவும் ஒரு காரணம். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றிற்கும் காற்று, சூரிய ஒளி, மின்கலச் சேமிப்பு என்பவற்றை இணைத்த மின்திட்டம் அமைக்க 2024 மார்ச்சில் ஒப்பந்தம் கைச்சாத்தானது. அத்தகைய பெருங்கலத் தொகுதிக்கும் மடிக்கணினியின் சிறுகலத்துக்கும் வெப்பம் ஒரே பகைதான்.

இனிப் பேணும் முறை. பெயர் மடிக்கணினியாயினும், கடும்பணிக்கு மடி ஏற்ற இடமன்று. மெத்தை அதனினும் தீது. அடியிலுள்ள காற்றுத் துளைகள் அடைபடும். நெடுநாள் மடிமேல் வைத்தால் தோலில் வலைபோன்ற கருமையும் படரக்கூடும். கடினமான மேசைமேல் வைத்துப் பின்புறத்தைச் சற்று உயர்த்துதல் நன்று. வேண்டாத நிரல்களை மூடி, மின்சத்தி அமைப்பைத் தாழ்த்தினால், சிறிது வேகம் குறைந்து பெரிதும் சூடு தணியும். எப்போதும் மின்னிணைப்பிலிருக்கும் கணினியில் ஏற்றத்தை 80 வீதத்துடன் நிறுத்தும் வசதி இருப்பின், அதனைப் பயன்படுத்தலாம். ஆண்டுக்கொரு முறையேனும் விசிறியின் தூசியை அகற்றல் வேண்டும்.

இடமும் காலமும் அறிதலும் இன்றியமையாதது. பனையோலைக் கூரையும் தடித்த சுவரும் கொண்ட பழைய இல்லங்கள் பகல்வெயிலைத் தடுத்தன. தகரமோ விரைந்து சூடேறும். ஆகவே பெருவேலையை அதிகாலைக்கோ இரவுக்கோ ஒதுக்குதல் அறிவுடைமை. சோளகம் வீசும் காலத்தில் காற்று வேண்டிச் சாளரத்தருகே அமர்வோர் மற்றொன்றையும் நினைத்தல் வேண்டும்: கடற்காற்று சுமந்துவரும் உப்பு, உலோகத் தொடுப்புகளை அரிக்கும். கடல் நோக்கிய சாளரத்தின் நேரெதிரே அன்றி, அறையின் உட்புறத்தே வைத்தலும், படகுப் பயணத்தில் நீர்புகாத பையிலிட்டுக் கொண்டுசெல்லலும் தக்கன.

சூட்டை அறவே ஒழித்தல் எக்கருவிக்கும் இயலாது. வெளியேற வழிவிடுதலே இயலும். அவ்வழியைத் திறந்து வைப்பதற்குப் பெரும்பொருள் வேண்டா; ஒரு மேசையும், சிறிது தூய்மையும், நேரமறிந்து தொழில் செய்யும் வழக்கமும் போதும். கடல் கடந்து சென்று திருத்த வேண்டிய கருவியை, கெடுமுன் காப்பதே சிறந்த திருத்தமாகும்.