மஞ்சள் சோயாவில் கறுப்புத் திட்டு ஏன்?

சோயா மொச்சை என்றால் நமக்கு மஞ்சள் நிறம்தான் நினைவுக்கு வரும். ஆனால் அதன் காட்டு மூதாதை சீனா, கொரியா, ஜப்பான் பக்கம் இன்றைக்கும் தானாக முளைத்துக் கொடியாகப் படர்கிறது. விதை சின்னது, தோல் கறுப்பு. நம் நாட்டிலேயே உத்தராகண்டின் குமாவோன் மலை உழவர்கள் தலைமுறை தலைமுறையாக விதைத்து வரும் 'பட்' என்பதும் கறுப்புச் சோயாதான். ஆக, கறுப்புதான் பழசு. மஞ்சள் பிற்பாடு வந்தது. அப்படியென்றால் மஞ்சள் சோயாவில் கறுப்புச் சாயம் தயாரிக்கும் மரபணு தொலைந்துவிட்டதா? இல்லை. பத்திரமாக உள்ளேயே இருக்கிறது. அதன் வாயைப் பொத்தி வைத்திருப்பது ஒரு குட்டி மூலக்கூறு.

இதைப் படிக்க உட்கார்ந்ததற்குக் காரணம் பக்கத்துத் தோட்டத்துத் தம்பி. தென்னைக்கு நடுவில் ஊடுபயிராகப் போட்ட சோயாவை அடித்துத் தூற்றி, ஒரு கை அள்ளிக்கொண்டு வந்தார். மஞ்சள் விதை, ஆனால் பலவற்றில் தழும்பிலிருந்து மை கசிந்த மாதிரி கறுப்புத் திட்டு.

"ஏனுங்கய்யா, வெத கலந்துபோச்சுங்களா? அடுத்த பட்டத்துக்கு இதையே வைக்கலாமுங்களா?"

சொந்த விதை வைத்திருப்பவருக்கு இது சின்னக் கேள்வி இல்லை. கலப்பு என்றால் விதை தந்தவரோடு பேச வேண்டும். நோய் என்றால் அடுத்த பட்டம் முழுக்க வயலில் அதைக் கூப்பிட்டு வைத்த மாதிரி ஆகிவிடும்.

முப்பது வருசம் வங்கியில் குப்பை கொட்டியவன் நான். எனக்குப் புரிந்த வழியில் சொல்கிறேன். மரபணு என்பது கணக்கு லெட்ஜர். அது இடத்தை விட்டு நகராது. அதிலிருந்து ஒரு செக் எழுதப்பட்டு கவுண்டருக்குப் போகிறது. அதுதான் தூது ஆர்.என்.ஏ. கவுண்டரில் செக் பாஸ் ஆனால்தான் பணம், அதாவது புரதம், வெளியே வரும். குட்டி ஆர்.என்.ஏ. என்பது 'ஸ்டாப் பேமெண்ட்' சீட்டு. சீட்டில் உள்ள நம்பரும் செக்கில் உள்ள நம்பரும் பொருந்தினால் செக்கைக் கிழித்துப் போட்டுவிடுவார்கள். கணக்கு இருக்கும், இருப்பும் இருக்கும்; பணம் மட்டும் வராது.

இந்த விஷயம் முதலில் கண்ணில் பட்டது ஒரு பூச்செடியில். அமெரிக்காவில் ரிச்சர்டு ஜோர்கன்சன் குழுவினர் பெட்டூனியா பூவின் ஊதா நிறத்தை அழுத்தமாக்க நினைத்து, சாயம் தயாரிக்கும் 'சால்கோன் சிந்தேஸ்' என்ற நொதியின் மரபணுவை இன்னொரு பிரதி சேர்த்தார்கள். சில செடிகளில் பூ வெள்ளை வெளேரென்று பூத்தது! 1990-ல் இதை வெளியிட்டார்கள். இரட்டை இழை ஆர்.என்.ஏ.தான் மரபணுவை அடக்குகிறது என்று 1998-ல் ஒரு புழுவில் நிரூபித்த ஆண்ட்ரூ ஃபயருக்கும் கிரெய்க் மெல்லோவுக்கும் 2006-ல் நோபல் பரிசு கிடைத்தது.

ஆய்வகத்தில் தற்செயலாக நடந்ததை, சோயாவில் இயற்கை வெகு காலத்துக்கு முன்பே செய்து வைத்திருந்தது. அதுவும் அதே நொதியில். மஞ்சள் ரகங்களில் அந்த மரபணுவின் சில பிரதிகள் கண்ணாடியில் தெரிவது போலத் தலைகீழாக அடுத்தடுத்து அமைந்திருக்கின்றன. அங்கிருந்து வரும் ஆர்.என்.ஏ. நடுவில் மடிந்து கொண்டை ஊசி மாதிரி இரட்டை இழையாகிறது. இரட்டை இழையைக் கண்டால் செல் சும்மா விடாது, நறுக்கித் தள்ளும். துண்டுகள் பெரும்பாலும் 21 எழுத்து நீளம். அவைதான் ஸ்டாப் பேமெண்ட் சீட்டுகள். இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் லைலா வோட்கின் குழு 2009-ல் காட்டியது இன்னும் அழகு: இந்தச் சீட்டுகள் வளரும் விதையின் தோலில்தான் குவிகின்றன, உள்ளே பருப்பிலோ இலையிலோ அப்படி இல்லை. அதனால்தான் மஞ்சள் விதை காய்க்கும் அதே செடி ஊதாப் பூ பூக்க முடிகிறது. அடுத்த முறை சோயா வயலுக்குப் போனால் பூவைப் பாருங்கள்.

நம் கூட்டங்களில் ஆர்.என்.ஏ. என்று பேச்செடுத்தாலே "மரபணு மாற்றுப் பயிரா?" என்று கேட்கிறார்கள். இந்த வழியைப் பிடித்து வைரஸைத் தாங்கும் பீன்ஸை பிரேசிலின் எம்பிராப்பா நிறுவனம் உருவாக்கி, 2011-ல் அங்கே அனுமதியும் வாங்கியது உண்மை. அது வேறு வழக்கு. மஞ்சள் சோயாவை எந்த ஆய்வகமும் செய்யவில்லை. கறுப்புக்கு நடுவில் வெளுத்து வந்த விதையை யாரோ ஓர் உழவர் கண்டு தனியாக எடுத்து வைத்தார், அவ்வளவுதான்.

சரி, தம்பியின் கறுப்புத் திட்டுக்கு வருவோம். செடிகள் இந்த நறுக்கும் கத்தியை வைத்திருப்பது முக்கியமாக வைரஸை வெட்டத்தான். வைரஸ் லேசுப்பட்டதா? கத்தியை மழுங்கடிக்கும் புரதத்தைத் தன்னோடு கொண்டு வருகிறது. மோசைக் வைரஸ் தாக்கிய செடியில் கத்தி மழுங்க, விதைத் தோலில் ஸ்டாப் பேமெண்ட் வேலையும் அங்கங்கே நின்றுபோகிறது. நின்ற இடத்தில் பழைய கறுப்புச் சாயம் எட்டிப் பார்க்கிறது. ஜப்பான் ஆய்வாளர்கள் 2004-ல் இதை உறுதி செய்தார்கள்.

ஆகவே அது கலப்பு இல்லை. திட்டு இல்லாமல் முழுக் கறுப்பாக ஒரே செடியின் எல்லா விதையும் வந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். ஒன்று, வேறு ரகம் கலந்திருக்கும்; அல்லது அந்தத் தலைகீழ்ப் பிரதிகளில் ஒரு துண்டு அறுந்துபோய், பதிவேடே கிழிந்திருக்கும். அந்த விதையைப் போட்டால் அடுத்த தலைமுறையும் கறுப்பாகவே காய்க்கும்.

திட்டு விதை அப்படி இல்லை. விதையின் தோல் பிள்ளையுடையது அல்ல, தாயுடையது. பருப்பும் முளையும்தான் அடுத்த தலைமுறை. திட்டு சொல்வது தாய்ச்செடி நோயில் இருந்தது என்பதை மட்டுமே. உள்ளே வைரஸ் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இல்லாத விதையைப் போட்டால் மறுபடி சுத்த மஞ்சள்தான். ஆனால் எது எது என்று கண்ணால் பிரிக்க முடியாது. இதைவிடச் சிக்கல், தோல் சுத்தமாக இருக்கும் விதைக்குள்ளும் வைரஸ் இருக்கக்கூடும். குளிர் தேசங்களில் சில ரகங்களுக்கு வெறும் குளிராலேயே தோல் பழுப்பாவதும் உண்டு.

அதனால் களத்தில் விதையைப் பொறுக்குவது பாதி வேலைதான். மீதி வேலை வயலில், பூப்பதற்கு முன்பே. இலை சுருங்கி, கரும்பச்சையும் வெளிர்பச்சையுமாகத் திட்டுத் திட்டாக, ஓரம் கீழ்நோக்கி மடங்கிய செடிகளைப் பிடுங்கிவிட வேண்டும். விட்டுவைத்தால் அசுவினி அங்கே உட்கார்ந்து சாறு உறிஞ்சிவிட்டு அடுத்த செடிக்குப் போகும். வைரஸும் கூடவே போகும். விதைக்கென்று ஒரு பாத்தியைத் தனியாகக் குறித்துக்கொண்டு, வாரம் ஒரு முறை அதை மட்டுமாவது சுற்றி வந்தால் போதும். கறுப்பு ரகம் போடுகிறவர்களுக்கு இது இன்னும் அவசியம். அவர்கள் விதையில் திட்டு தெரியவே தெரியாது.

தம்பியிடம் அந்தச் சோயாவை விதைக்கு வைக்க வேண்டாம் என்றேன். "அப்ப கொட்டிப்போடறதுங்களா?" என்றார். எதுக்குக் கொட்டணும்? பயிர் வைரஸ் மனிதரைத் தொற்றாது. ஊறவைத்து நன்றாக வேகவைத்துச் சுண்டல் தாளிக்கலாம்; ஊறின தண்ணீர் லேசாகக் கறுத்திருந்தால் அது அந்தச் சாயம்தான்.