கொடைக்கானல்ல 400 சதுர அடி ஃப்ளாட் போதுமா? 12 லட்சம் மிச்சமாகுற கணக்கு!

வொர்க் ஃப்ரம் ஹோம்ல இருக்குற பல பேருக்கு ஒரு ஆசை உண்டு. கொடைக்கானல்ல ஒரு ஃப்ளாட் வாங்கி, அங்கிருந்தே வேலை பார்க்கணும். ஆசை சரி. 400 சதுர அடி போதுமா, 600 வேணுமா?

உதாரணத்துக்கு, சதுர அடி 6,000 ரூபாய்னு வைங்க. கூடுதல் 200 சதுர அடிக்கு 12 லட்சம். 8.5% வட்டி, 20 வருஷ லோன்னா இஎம்ஐ சுமார் 10,400 ரூபாய். கட்டி முடிக்கும்போது மொத்தம் 25 லட்சம் போயிருக்கும். அதுக்குப் பதிலா, 400 சதுர அடிய 2 லட்சத்துல ஒழுங்கா அமைச்சுக்கலாமே?

சாத்தியம்தான். ஹாங்காங் கட்டடக் கலைஞர் கேரி சாங், தன்னோட 344 சதுர அடி வீட்டை நகரும் சுவர்கள் வச்சு 24 விதமா மாத்திக்கிற மாதிரி வடிவமைச்சார்.

ஆனா சென்னை இன்டீரியர் வீடியோவ அப்படியே காப்பி அடிக்காதீங்க. கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரத்துல இருக்கு. ஜனவரி ராத்திரி 10 டிகிரிக்குக் கீழ போகும். அங்க குளிரும் ஈரமும்தான் டிசைனைத் தீர்மானிக்கும்.

1. சுவரை இடிக்காதீங்க. சின்ன அறை சீக்கிரம் சூடாகும். 2 கிலோவாட் ஹீட்டர் 4 மணி நேரம் ஓடினா 8 யூனிட். ஹால் முழுக்க சூடாக்குறதுக்குப் பதிலா, ஸ்லைடிங் கதவோ கனமான திரையோ போட்டு, இருக்குற அறைய மட்டும் சூடாக்குங்க. மூடின அறைக்குள்ள கரி அடுப்பு மட்டும் வேண்டவே வேண்டாம். அந்தப் புகை உயிரையே எடுத்துடும்.

2. பீரோவைச் சுவரோட ஒட்டாதீங்க. ரெண்டு இன்ச் இடைவெளி விடுங்க, இல்லன்னா பின்னாடி பூஞ்சை பிடிக்கும். பார்ட்டிகிள் போர்டு ஈரத்துல ஊதிடும். ஐஎஸ் 710 முத்திரை உள்ள மரைன் பிளைவுட் கேளுங்க. விலை கூடதான், ஆனா ரெண்டு தடவை செய்ய வேண்டியதில்ல.

3. தெற்கு ஜன்னல்தான் உங்க ஆபீஸ். குளிர்காலத்துல வெயில் தெற்குப் பக்கமா வரும். அங்க பெட்டியோட ஒரு பெஞ்ச், மடக்கு மேசை. வேலை, சாப்பாடு, சாமான் வைக்கிறது மூணும் ஒரே இடத்துல முடிஞ்சுது.

4. பரணை மறக்காதீங்க. நம்ம பாட்டி வீட்டு ஐடியாதான். கம்பளி, சூட்கேஸ் எல்லாம் மேல போனா தரை காலியாகும்.

வாங்குறதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம். விளம்பரத்துல இருக்குற சதுர அடியப் பார்க்காதீங்க, ரெரா சட்டப்படியான கார்ப்பெட் ஏரியாவக் கேளுங்க. அதுல பால்கனி சேராது. அடுத்தது, கட்டட அனுமதி. விதிமீறின கட்டடங்களுக்கு நீதிமன்ற உத்தரவுப்படி சீல் வச்ச ஊர் அது. வரைபட அனுமதியைக் கையில வாங்கி, வக்கீல்கிட்ட காட்டின பிறகுதான் அட்வான்ஸ்.

மிச்சமாகுற இஎம்ஐயை எஸ்ஐபி-ல போடுறதா, லோனை சீக்கிரம் அடைக்கிறதா? உங்க கணக்கைக் கமெண்ட்ல சொல்லுங்க!